முசுறு இருக்கிற மரத்துக்கு யார் ஏறுவது

மாங்காய் பறிக்கிற ஆட்கள் தோட்டத்துக்குள் நுழைந்ததும் எந்த மரத்தில் காய் அதிகம் என்று பார்க்க மாட்டார்கள், எந்த மரத்தில் முசுறு எறும்பு இருக்கிறது என்றுதான் அண்ணாந்து பார்ப்பார்கள். இலைகளைச் சேர்த்து ஒட்டிய பச்சை உருண்டையாக அதன் கூடு ஒன்று கண்ணில் பட்டால் போதும், அந்த மரம் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிடும்.

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி முதலமடையில் குத்தகைத் தோட்டங்களில் பறிப்பு, தரம் பிரிப்பு, லோடு ஏற்றுவது என்று மேற்பார்வை வேலை. நாட்டில் மற்ற இடங்களில் மாம்பழம் வருவதற்கு முன்னால் இங்கே ஜனவரியிலேயே காய் இறங்க ஆரம்பித்துவிடும், அதனால்தான் வடக்கே போகிற லாரிகள் எங்களைத் தேடி வருகின்றன, அதனால்தான் அவசரமும். கேரளா என்றாலும் பறிப்புக் கும்பலில் பேச்செல்லாம் தமிழ்தான். மலையாளி ஆட்கள் இதை நீறு என்பார்கள், கடி வாங்கினால் எல்லாரும் கத்துவது ஒரே மாதிரிதான்.

முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் தோலைக் கவ்விக்கொண்டு, அடிவயிற்றை முன்னால் வளைத்து அந்தக் காயத்திலேயே ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஒன்று கடித்தால் பரவாயில்லை. கிளையைத் தொட்ட மாத்திரத்தில் கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் இறங்கி வரும், சட்டைக் காலருக்குள் போகும், கண் இமைக்குப் போகும், அந்த உயரத்தில் இரண்டு கையையும் விட முடியாது. எங்கள் கும்பலில் மூத்தவர் ஒருவர் விறகுச் சாம்பலைக் கை கால் கழுத்தெல்லாம் தேய்த்துக்கொண்டு விடியற்காலைக் குளிரிலேயே அந்த மரங்களை முடித்துவிடுவார், அந்நேரம் எறும்பு கொஞ்சம் மந்தமாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் அவரும் ஏற மாட்டார். "ஏறச் சொல்றவுங்க ஒருக்கா ஏறிப் பாருங்க தம்பி" என்பார்.

லோடு வண்டி வருகிறவரை சும்மா நிற்கிற நேரங்களில்தான் நான் இதையெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். ஒரு கிளிமூக்கு மரத்தில், கைக்கெட்டும் உயரத்தில் புதுக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு இலையின் ஓரத்தில் வரிசையாகப் பின்னங்கால் ஊன்றி, அடுத்த இலையின் ஓரத்தைத் தாடையால் பிடித்து இழுக்கின்றன. எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போட்டுக்கொள்கின்றன. இலை இரண்டும் நெருங்கியதும் உள்ளேயிருந்து வேறு எறும்புகள் வெள்ளைப் புழுக்களைத் தாடையில் தூக்கிக்கொண்டு வந்தன. அவற்றின் குட்டிகள்தான். புழுவின் தலையை ஒரு இலையில் ஒற்றி, அப்படியே அடுத்த இலைக்குக் கொண்டுபோய் ஒற்றி, மறுபடி இந்தப் பக்கம். புழு வாயிலிருந்து இழை வந்துகொண்டே இருக்கிறது, தறியில் நாடா ஓடுகிற மாதிரி. தனக்குக் கூட்டுப்புழு உறை கட்டிக்கொள்ள வேண்டிய பட்டு இழையையெல்லாம் வீட்டுக்கே கொடுத்துவிடுவதால் இந்த எறும்பின் கூட்டுப்புழு உறையில்லாமல் வெறுமனே கிடக்கும். வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

இன்னொரு தடவை என் புறங்கையில் ஓடிய ஒன்றைத் தட்டிவிடப் போனேன், அது நூல் விட்டுக் கீழே இறங்கியது. எறும்பு எங்கே நூல் விடும்? குனிந்து பார்த்தால் எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு, நிறமும் நடையும் அச்சு அசல் முசுறு. குதிக்கும் சிலந்தி இனம் அது. முசுறு மாதிரி வேஷம் போட்டால் குருவி முதல் குளவி வரை பலதும் ஒதுங்கிப் போகும், அதுதான் அதற்கு லாபம்.

அந்த மூத்தவர் அடிக்கடி சொல்வது, "முசுறு மரத்துக் காயில புழு கம்மிங்க." பறிப்புக்காரர் பேச்சு என்று முதலாளிகள் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் இது உலகத்துக்குப் புதுச் செய்தி இல்லை. தென் சீனத்துச் செடிகொடிகளைப் பற்றி கி.பி. 304ல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நூலிலேயே, ஆரஞ்சு மரத்தில் விடுவதற்காக இந்த எறும்புகளைக் கிளையும் கூடுமாகப் பையில் போட்டுச் சந்தையில் விற்றார்கள் என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வின் பக்கம் ரெங்காங் பெங், கீத் கிறிஸ்டியன் என்ற இருவர் மாந்தோப்புகளில் பல வருஷம் இதைச் சோதித்தார்கள். இதே இனத்து எறும்பு. தத்துப்பூச்சி, பழ ஈ, கொட்டை வண்டு எல்லாமே முசுறு இருந்த மரங்களில் குறைந்தது. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளிலும் பழ ஈ விஷயத்தில் அப்படித்தான், அங்கே இருப்பது இந்தப் பேரினத்தின் இன்னொரு இனம். இன்றைக்கு உயிரோடு இருப்பது இந்த இரண்டு இனம்தான்.

சும்மா புகழவும் கூடாது. மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் இனிப்புத் திரவத்துக்காக முசுறு காவல் காத்து வளர்க்கும், அந்த இனிப்பு சிந்திய இலையில் கரும்பூசணம் படியும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு கூட்டோடு நிற்பதில்லை, பல மரங்களில் டஜன் கணக்கில் கூடு, ராணி மட்டும் ஏதோ ஒன்றில். எல்லை ஓரத்துக் கூடுகளில் வயசான வேலைக்கார எறும்புகள்தான் இருக்கும், சண்டை வந்தால் முதலில் போவது கிழவிகள். (நம் ஊரில் வரப்புத் தகராறுக்குக் கிழவிகள் முன்னால் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது.) இரண்டு குடும்பத்து மரக் கிளைகள் உரசுகிற இடத்தில் இந்தச் சண்டை ஓயாது, பீய்ச்சுகிற அமிலம் காயில் விழுந்து கரும்புள்ளி போடும். தரம் பிரிக்கும்போது அந்தக் காய் இரண்டாம் ரகம். டார்வின்காரர்கள் சொன்ன வழி எளிது: எந்தக் கூடு எந்தக் குடும்பம் என்று பார்த்து, இரண்டு குடும்பத்துக்கு நடுவே உரசுகிற கிளைகளை வெட்டிவிடுங்கள்.

வெட்டலாம்தான். ஆனால் யார் வெட்டுவது? மரம் ஒருத்தருடையது, குத்தகை இன்னொருத்தருடையது, அதுவும் பெரும்பாலும் ஒன்றிரண்டு சீசனுக்கு. எறும்பைக் காப்பாற்றி மருந்துச் செலவு குறைகிற பலனை அடுத்த வருஷம் வேறு எவனோ அனுபவிப்பான். பூ எடுக்கிற காலத்தில் மருந்து அடித்தால் தத்துப்பூச்சியோடு முசுறும் போய்விடும், அப்புறம் அடுத்த மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டியதுதான். கணக்கு தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சீசன் கணக்கில் அவர்கள் செய்வது சரி. கடி மட்டும் உடனே கிடைக்கிறது, அதுவும் கூலிக்காரனுக்கு.

இப்போது நான் பார்க்கிற தோட்டத்தில் முசுறு மரத்துக்குத் தனிக் கூலி பேசி வைத்திருக்கிறோம். குத்தகைக்காரருக்கு இதில் விருப்பமே இல்லை, "எறும்புக்கெல்லாம் காசா?" என்றார். சரி, அந்த மரத்தில் மருந்து ஒரு தடவை குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று எழுதிக் காட்டினேன், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். உரசுகிற கிளைகளை வெட்டுவதற்கு மட்டும் தோட்டத்துக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. கவாத்துக் கூலி யார் தலையில் என்று மே மாதம் பறிப்பு முடிந்ததும் பேசலாம் என்கிறார், குத்தகைக்காரரோ அடுத்த வருஷம் இந்தத் தோட்டம் எடுப்பேனா என்றே தெரியாது என்கிறார்.