எஸ்பிஎம் முடித்த கையோடு கணக்காய்வு அலுவலகத்தில்

2018 மார்ச் மாதம், மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவுகள் வந்தபோது எனக்குக் கணக்கியல் பாடத்தில் ஏ கிடைத்திருந்தது. மற்றப் பாடங்களைப் பற்றி இங்கே எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆறாம் படிவம் சேர்ந்து, அதன் முடிவில் எஸ்டிபிஎம் தேர்வு எழுதி, பிறகு பல்கலைக்கழகம் போகலாம் என்பது அப்பாவின் எண்ணம். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனம் பள்ளி முடித்தவர்களைப் பயிற்சியாளர்களாக எடுப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பகலில் வேலை, இரவில் படிப்பு, தேர்வுக் கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு என்றதும் அப்பாவே, "போய்ப் பார்த்துட்டு வாய்யா" என்றார்.

நேர்முகத்தில் அரை மணி நேரக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். எட்டுப் பரிமாற்றங்களைப் பதிந்து, பற்றும் வரவும் சமமா என்று காட்டும் இருப்பாய்வு தயாரிப்பது மட்டும்தான். அதைவிட முக்கியமான தாள் அடுத்த வாரம் வந்த ஒப்பந்தம். மூன்று ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் அதுவரை செலுத்திய தேர்வுக் கட்டணங்களைத் திருப்பித் தர வேண்டும். ஒரு தாளை முதல்முறை எழுதும்போது மட்டுமே நிறுவனம் பணம் கட்டும், தோற்றால் மறுமுறை என் செலவு. ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு நாள் படிப்பு விடுப்பு. நானும் அப்பாவும் இதை இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தோம். ஆனால் அதில் இல்லாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. என் பணி அனுபவத்துக்கு யார், எப்போது கையெழுத்திடுவார் என்பதுதான் அது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் சம்பளம் 1,000 வெள்ளி (ரிங்கிட்). தீபகற்ப மலேசியாவில் அப்போதைய குறைந்தபட்சச் சம்பளமும் அதுதான். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமநிதிக்கு 110 வெள்ளி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 4 வெள்ளி 75 காசு, அந்த ஆண்டு ஜனவரியில்தான் புதிதாக வந்திருந்த வேலை காப்புறுதிக்கு 1 வெள்ளி 90 காசு கழிந்து, கைக்கு 883 வெள்ளி 35 காசு வந்தது. கழிவுகளைப் பார்த்து முகம் சுருங்கிய என்னிடம் மேற்பார்வையாளர் அக்கா அந்தச் சீட்டையே பாடமாக்கினார். என் 110 வெள்ளியோடு முதலாளி தன் பங்காகப் போடும் 130 வெள்ளி சீட்டின் எந்த மூலையில் இருக்கிறது, மாத இறுதியில் நிறுவனத்தின் ஏடுகளில் அது செலவாகவும் செலுத்த வேண்டிய கடனாகவும் எப்படி உட்காருகிறது என்று அவர் வரைந்து காட்டிய பிறகுதான், பள்ளியில் மனப்பாடமாக எழுதிய பற்றும் வரவும் என் பையைத் தொட்டன.

வீடு தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். தினமும் ஃபெரியில் கடந்தேன். கட்டணம் 1 வெள்ளி 20 காசு, அதுவும் தீவுக்குப் போகும்போது மட்டும். மேல்தளத்தில் காற்றுக்குத் தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு படித்த அந்தக் கால் மணி நேரம்தான் பல நாள்களில் என் முழுப் படிப்பாக இருந்தது.

முதல் மூன்று மாதம் நான் செய்தது கணக்காய்வு என்று சொன்னால் அது மிகை. கோப்புகளைத் துளையிட்டு அடுக்கினேன், ரசீதுகளைத் தேதிவாரியாகப் பிரித்தேன், வாடிக்கையாளர்களின் கிராணிகளுக்கு (எழுத்தர்களுக்கு) தொலைபேசி அடித்து விடுபட்ட தாள்களைக் கேட்டேன். கேட்பது ஒரு தனி வித்தை. "உங்கள் பில் இல்லை" என்றால் கோபப்படுகிறவர்கள், "எங்கள் கோப்பில் ஒன்று விடுபட்டிருக்கிறது" என்றால் தேடி எடுத்துத் தருவார்கள்.

ஒரு வன்பொருள் கடையின் வங்கிக் கணக்கை ரொக்க ஏட்டோடு ஒப்பிடும் வேலை தரப்பட்டபோது, 270 வெள்ளி வித்தியாசத்தில் ஒன்றரை நாள் சிக்கிக்கொண்டேன். அந்தத் தொகையில் ஒரு காசோலையும் இல்லை, ஒரு வங்கிக் கட்டணமும் இல்லை. மேற்பார்வையாளர் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஒன்பதால வகுத்துப் பாரு தம்பி" என்றார். முப்பது, மீதமில்லை. ஒன்பதால் மீதமின்றி வகுபடும் வித்தியாசம் பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறியதன் அடையாளம். முப்பது வந்தால், நூறாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் மூன்று வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்களைத் தேட வேண்டும். பத்து நிமிடத்தில் கிடைத்தது: 3,850 வெள்ளிக் காசோலையை யாரோ 3,580 என்று பதிந்திருந்தார்கள். எந்தத் தேர்விலும் அது கேட்கப்படவில்லை. ஆனால் இன்றுவரை நான் அதிகமாகப் பயன்படுத்தும் வித்தை அதுதான்.

நான் சேர்ந்த ஆண்டு வரித்துறைக்கே குழப்பமான ஆண்டு. 2015 ஏப்ரலிலிருந்து 6 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2018 ஜூன் 1ஆம் தேதி பூஜ்யமாகியது. செப்டம்பர் 1ஆம் தேதி அதன் இடத்தில் விற்பனை வரியும் சேவை வரியும் வந்தன. பூஜ்யம் என்றால் வேலை குறையும் என்று நினைத்தேன். மாறாக, பழைய வரியின் கடைசிக் கணக்கை 120 நாள்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், நாங்கள் எல்லாரும் பழைய வரி விலைப்பட்டியல்களைத் தோண்டிக்கொண்டிருந்தோம். ஒன்று மட்டும் அப்போதே தெளிவாகப் புரிந்தது. ஜிஎஸ்டியில் வணிகர் வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். விற்பனை வரியில் கடைக்காரருக்கு அந்த வழி இல்லை, அது சரக்கின் அடக்கவிலையோடு ஒட்டிக்கொள்ளும். பாடநூலில் ஒரு பத்தியாகக் கடந்து போயிருக்கக்கூடிய இது, ஒவ்வொரு வாடிக்கையாளரின் இருப்பு மதிப்பிலும் எண்ணாகத் தெரிந்தது.

அந்த டிசம்பர் 31ஆம் தேதி, ஒரு மசாலை இறக்குமதியாளரின் கிட்டங்கியில் சரக்கு எண்ணும்போது உடனிருக்க என்னை அனுப்பினார்கள். எண்ணுவது அவர்களின் ஆட்கள். நாம் எண்ணக்கூடாது, எண்ணுவதைக் கவனித்துச் சிலவற்றை மட்டும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்து அடுக்கில் தேடுவது ஒரு திசை. அடுக்கிலிருந்து சிலவற்றை எடுத்துப் பட்டியலில் தேடுவது மறு திசை. இரண்டாவதைச் செய்யாவிட்டால், எழுதாமல் விட்ட சரக்கு கண்ணில் படவே படாது. காய்ந்த மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே எண்ணினேன். பட்டியலில் 120 சாக்கு. என் கணக்கில் 118. முதலாளி, "தம்பி, சரியா எண்ணுனீங்களா?" என்று சிரித்தார். மீண்டும் 118. கடைசியில், காலையில் இரண்டு சாக்கு அனுப்புச் சீட்டு எழுதாமலே கடைக்குப் போனதை லாரி ஓட்டுநர் நினைவுபடுத்தினார். அன்றைய கடைசி அனுப்புச் சீட்டின் எண்ணையும் கடைசி விலைப்பட்டியலின் எண்ணையும் குறித்து வரும்படி அக்கா ஏன் மூன்று முறை சொல்லியனுப்பினார் என்பது அப்போது விளங்கியது.

தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்பிஎம் தகுதி மட்டுமே உள்ளவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் சங்கமான ஏசிசிஏவின் அடிப்படைக் கணக்கியல் படிகளிலிருந்து தொடங்கலாம். பதிவியல், செலவுக் கணக்கு என எழுதிப் போய், வணிகம், மேலாண்மைக் கணக்கியல், நிதிக் கணக்கியல் ஆகிய மூன்று தாள்களையும் தொழில்நெறிப் பயிற்சியையும் முடித்தால், ஏசிசிஏவின் 13 தாள்களில் முதல் மூன்றிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. தொடக்கத் தாள்கள் கணினியில் இரண்டு மணி நேரம், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். 2019 முடிவதற்குள் அவற்றைக் கடந்தேன். எஞ்சிய பத்துத் தாள்கள் 2023 டிசம்பர் வரை இழுத்தன. வரித் தாளில் ஒருமுறை தோற்று என் பணத்தைக் கட்டினேன். வரி அலுவலகத்துக்கான படிவங்களைத் தினமும் நிரப்பிக்கொண்டிருந்தவன் வரித் தாளில் தோற்றதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இடையில் ஒரு சங்கடம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் அத்தை என்னை எல்லாரிடமும் "அக்கவுண்டண்ட்" என்று அறிமுகப்படுத்துவார். 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெறாதவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்ளக் கூடாது. அதைச் சாமி கும்பிடும் இடத்தில் அத்தைக்கு விளக்கிப் பயனில்லை.

இனி, ஒப்பந்தத்தில் இல்லாத அந்த விஷயம். ஏசிசிஏ உறுப்பினராவதற்குத் தாள்கள் மட்டும் போதாது. 36 மாதப் பணி அனுபவமும் ஒன்பது செயல்திறன் இலக்குகளும் வேண்டும். ஒவ்வோர் இலக்குக்கும் நாம் செய்த வேலையை எழுத வேண்டும். நம் வேலையை நேரில் அறிந்த, தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் அதை ஏற்க வேண்டும். நான் தொடக்கத்தில் ஆலோசனை கேட்ட கல்லூரியில், "வேலையில் இருந்தால் தானாகவே சேர்ந்துவிடும்" என்றார்கள். நானும் ஐந்து ஆண்டுகள் ஒரு வரிகூடப் பதியவில்லை. 2023 இறுதியில் அனுபவத்தைப் பதிய வேண்டிய பக்கத்தைத் திறந்தபோது அது காலியாக இருந்தது; அக்காவோ 2020ஆம் ஆண்டிலேயே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாறியிருந்தார்.

பழைய நாள்குறிப்புகளையும் நேரப் பதிவுத் தாள்களையும் வைத்து, எந்த மாதம் எந்த வாடிக்கையாளர் என்று மூன்று வாரம் கோத்தேன். அக்கா ஒரு சனிக்கிழமை மதியம் உணவுக்கடையில் உட்கார்ந்து ஒன்பதையும் படித்தார். இரண்டைத் திருப்பித் தந்தார். "இது ஆபீஸ் செஞ்சது. நீ செஞ்சதை எழுது" என்றார். அவற்றில் ஒன்று கிட்டங்கியைப் பற்றியது. "கணக்கெடுப்பு முறையாக நடந்தது" என்று அழகாக எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 120 சாக்கு, 118 சாக்கு, எழுதாத அனுப்புச் சீட்டு, அதற்காக நான் கேட்ட கேள்விகள் என்று எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் ஒப்புதல் வந்தது.