ஒன்பது டப்பா

ஆகஸ்ட் 4

டீப் பெட்டி வந்துவிட்டது. ஒன்பது டப்பா. ஜூன் மாதமே கேட்டு வைத்தேனாம், அக்கா மறக்கவில்லை. ஜூனில் கேட்டவள் வேறு ஆள், அவளுக்கு வாசனை தெரியும்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொன்றாக மூடினேன். அம்மா மல்லிகை டப்பாவை மட்டும் கையில் வாங்கி "அடேயப்பா" என்றாள். என்ன அடேயப்பா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

ஏர்ல் கிரே. வெந்நீர்.

ஆகஸ்ட் 6

நேற்று எழுதியது பொய். வெந்நீர் இல்லை. கசப்பு இருந்தது, சூடு இருந்தது, துவர்ப்பு நன்றாகவே இருந்தது. எந்த டீ என்பதுதான் இல்லை.

ஏர்ல் கிரே என்பது சாதாரணக் கருப்புத் தேயிலைதான். பெர்கமாட் என்று ஆரஞ்சு வகையில் ஒரு பழம், இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் அதிகம் விளைவது. அதன் தோலில் எடுத்த எண்ணெயைத் தேயிலையில் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய்க்கும் நாக்குக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் ஒரு பாதை வழியாக மூக்குக்கு ஏறுகிறதே, அங்கேதான் அது ஏர்ல் கிரே ஆகிறது. "என்ன ருசி!" என்று இத்தனை வருடம் நான் புகழ்ந்ததில் முக்கால்வாசி மூக்குக்குப் போய்ச் சேர வேண்டியது. நாக்கு பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

துவர்ப்பு ஏன் தப்பித்தது என்று மதியம் முழுக்க அதே யோசனை. அறுசுவையில் ஒன்று என்று படித்தோம். ஆனால் அது பெரும்பாலும் தொடுகை. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன, வழவழப்பு போய்விடுகிறது, நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. சொரசொரப்பான துணியைத் தடவிப் பார்ப்பது மாதிரி. பால் ஊற்றினால் பாலின் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துவிடும், அதனால்தான் பால் டீ வாயைப் பிடிப்பதில்லை. பாலில்லாமலே குடிக்கப் போகிறேன். இருப்பதையும் ஏன் விட வேண்டும்?

ஆகஸ்ட் 8

ஸ்டவ்வை மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 9

டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, ஒவ்வொன்றையும் மெதுவாக முகர்ந்து, அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 12 வாரம். ஜெர்மனியில் ஹம்மல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 2009-ல் இதே நான்கை வைத்துத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பலித்துவிடவில்லை, சிலருக்குப் பலித்தது. அந்தச் "சிலர்" என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தேன்.

நான்கு சிறு பாட்டில்களில் பஞ்சு வைத்து ஏற்பாடு செய்தாகிவிட்டது. தனியாக வைத்தால் மறந்துவிடுவேன், டீ டப்பாக்களோடு ஒரே பெட்டியில் வைத்துவிட்டேன். டீ எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

12 வாரம் என்றால் நவம்பர் 1.

ஆகஸ்ட் 11

பச்சைத் தேயிலை. முதல் கோப்பையைக் கொதிக்கிற நீரில் போட்டுக் கெடுத்தேன், கஷாயம். 75, 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் வேண்டாம், கொதித்ததைக் கோப்பைக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றி, கொஞ்சம் பொறுத்தால் இறங்கிவிடும். கையால் கோப்பையைப் பிடிக்க முடிந்தால் போடலாம். ஒன்றரை நிமிடம். இரண்டாவது கோப்பையில் கசப்புக்குக் கீழே லேசாக இனிப்பு தட்டியது. அது நாக்கின் வேலைதான், கொண்டாட ஒன்றுமில்லை.

தேயிலைக்குச் சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ 3103. 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். குடித்து ரசிக்க அல்ல, ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிட. இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரக்குறிப்பு ஆறு பக்கம், டீ போட ஆறு பக்கமா என்று 1999-ல் அதற்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். எனக்கு இப்போது ஆறு பக்கம் போதாது.

ஆகஸ்ட் 12

பால் பொங்கிக் கருகிவிட்டது. அடுத்த அறையில் உட்கார்ந்து ஊலாங் இலை சுருள் பிரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் நான். அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். புகை கதவைத் தாண்டி வந்தபோதுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. பாத்திரம் அடி பிடித்துக் கரியாகியிருந்தது.

அம்மா எழுந்து, "உனக்குத் தெரியலையாடி?" என்றாள். அப்புறம் அவளே வாயை மூடிக்கொண்டாள்.

சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை என்று ஒன்றும் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே மெர்கேப்டன் என்ற நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். யாரோ மெனக்கெட்டு எனக்காகச் சேர்த்த நாற்றம், வீடு வரைக்கும் வந்து, என் மூக்குக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. இந்த வீட்டில் அடுப்பைக் காவல் காத்தது என் மூக்குதான் என்பது அது போன பிறகுதான் புரிகிறது. அம்மாவுக்கு மறதி. எனக்கு இது. இரண்டு பேரும் சேர்ந்தால்கூட ஒரு முழு ஆள் தேறவில்லை.

கசிவு அலாரம் வாங்கினேன். தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம், இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழே படியும். மாட்டிய பிறகும் இரவில் நான்கு தடவை எழுந்தேன். பச்சை விளக்கு எரிகிறது. பச்சை விளக்கை நம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 14

இன்று நல்ல நாள்! சங்குப்பூ. காய்ந்த பூ எட்டு, வெந்நீர், மூன்று நிமிடம், மைப்புட்டி நீலம். எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டதும் ஊதா, இன்னும் விட விட இளஞ்சிவப்பு. பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புக்குத் தகுந்தபடி நிறம் மாறுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் ஆறு வயதுக் குழந்தை மாதிரி மூன்று கோப்பை போட்டு மூன்றையும் ஜன்னலில் வரிசையாக வைத்தேன்.

இதற்கு வாசனையே அதிகம் கிடையாது. அதனால் நான் இழந்தது எதுவும் இல்லை. இந்தக் கோப்பைக்கு முன்னால் எல்லோரும் என்னைப் போலத்தான்.

ஆகஸ்ட் 15

அம்மா நான் போடும் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் குடிக்கிறாள். டீ விஷயத்தில் அவள் இப்படி இருந்ததே இல்லை.

ஆகஸ்ட் 17

வந்துவிட்டது!! புதினா டீ. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது, ஜில்லென்று, தெளிவாக. அக்காவுக்கு உடனே போன். அவள் அழுதாள், நானும்.

அதே நாள், இரவு

வரவில்லை. அது புதினாவில் உள்ள மென்தால். குளிர்ச்சியை உணரும் நரம்பை அது நேராகத் தட்டுகிறது, முகர்வதற்கான நரம்பு வேறு. இஞ்சி காரமாக எரிவதும் இதே வழிதான். சந்தேகம் வந்து புதினாவையும், யூகலிப்டஸ் பாட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி முகர்ந்தேன். இரண்டும் ஒரே ஜில். எது எது என்று சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு மறுபடி போன் செய்யவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 18

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

தேயிலை 5 கிராம், அரை லிட்டர் குளிர்ந்த நீர், ஃபிரிட்ஜில் 8 மணி நேரம். சூடு இல்லாவிட்டால் கசப்பும் துவர்ப்பும் மெதுவாகத்தான் இறங்கும், எனவே மென்மையாக இருக்கும் என்பார்கள். எனக்கு மென்மை என்றால் ஒன்றுமே இல்லை. ஊற்றிவிட்டேன், செடிக்கு.

ஆகஸ்ட் 23

மல்லிகை டப்பாவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று போட்டேன்.

நல்ல மல்லிகைத் தேயிலையில் எண்ணெய், எசென்ஸ் எதுவும் கிடையாது. மொட்டுகளைப் பகலில் பறித்து வைத்திருந்து, அவை மாலையில் விரியத் தொடங்கும் நேரம் தேயிலையோடு கலந்து விடுவார்கள். இரவு முழுக்கப் பூ மூச்சு விடும், இலை வாங்கிக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எறிந்துவிட்டு இலையை உலர்த்தி, மறுபடி புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இப்படி ஐந்தாறு இரவு. தேயிலைக்கு இருக்கிற குணம் அது, பக்கத்தில் என்ன இருந்தாலும் இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாறு இரவுப் பூக்களின் மூச்சு என் கோப்பையில் இருந்தது. குடித்தேன். இளஞ்சூடு, லேசான துவர்ப்பு.

அம்மாவிடம் கோப்பையைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்கு, உடம்புக்கு நல்லது" என்றாள். அன்றைக்கு அடேயப்பா என்றவள்.

ஆகஸ்ட் 26

அக்கா வந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தவள், "என்னடி இது, தைல டப்பாவா?" என்றாள்.

மேலே எழுதியதை நானே இப்போது படித்துப் பார்க்கிறேன், பக்கத்தில் என்ன இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்று பெரிய வித்வாம்சத்தோடு எழுதியிருக்கிறேன். எழுதிய கையாலேயே பதினேழு நாள் கிராம்பையும் யூகலிப்டஸையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறேன். யூகலிப்டஸ் பாட்டிலின் மூடி சரியாக மூடவில்லை. டப்பாக்களும் அட்டை மூடிதான், காற்று புகும். மல்லிகை, ஏர்ல் கிரே, பச்சை எல்லாமே தைலம்.

அம்மாவைக் கேட்டால், "நீ மருந்து போட்டுக் காய்ச்சுறேன்னு நெனச்சேன். நீ குடிக்கிறப்ப நான் வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்கிறாள். பதினேழு நாள் அந்தக் கஷாயத்தை, இரண்டு வேளை.

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன்.

புதினா விஷயத்தை அவளாகவே கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 27

இலையை வெயிலில் பரப்பலாமா என்று அம்மா கேட்டாள். போகாது, தேயிலையும் கெட்டுவிடும். ஏழு டப்பா குப்பைக்கு. செம்பருத்தியும் சங்குப்பூவும் தங்கின, செம்பருத்தியின் புளிப்பை எந்தத் தைலமும் ஒன்றும் செய்ய முடியாது.

பாட்டில்கள் நான்கும் இப்போது படுக்கைக்குப் பக்கத்தில்.

ஆகஸ்ட் 30

விடிகாலையில் கருகல். ரப்பர் எரிகிற மாதிரி. பதறி எழுந்து ஓடினேன். ஸ்டவ் அணைந்திருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, அம்மாவை எழுப்பினால் ஒன்றும் இல்லையே என்கிறாள். அக்காவும் இல்லை என்கிறாள். வீடு முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு அலைந்தேன், பாதி அறை சுற்றிய பிறகுதான் உறைத்தது, நான் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா தனக்காகக் காபி போட்டிருந்தாள். அதுதான். காபி, ரப்பர்.

ஆகஸ்ட் 31

டாக்டர் சொன்னார், திரும்பி வரும்போது கோணலாகவும் வருமாம். வறுத்த பொருள்கள்தான் முதலில் இப்படிப் படுத்தும் என்றார். நல்ல அறிகுறியா என்று கேட்டேன், "இருக்கலாம்" என்றார். முதலில் சிலர், இப்போது இருக்கலாம்.

சோதிக்க வேண்டுமென்று அக்கா கொண்டுவந்த கென்மைச்சாவைப் போட்டேன். பச்சைத் தேயிலையோடு வறுத்த அரிசி கலந்தது. ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. எரிந்த ரப்பரும் அழுகலும். எவ்வளவு கேவலமான நாற்றம்! மறுபடி ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

செப்டம்பர் 2

ஸ்டவ், ஒரு தடவை.

செப்டம்பர் 3

எல்லாமே நாறுகிறது. பல் விளக்கும் பேஸ்ட் நாறுகிறது. இதற்கு அதுவே தேவலை.

செப்டம்பர் 6

அக்கா ஊருக்குப் போகும் முன் புதிதாக மூன்று வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏர்ல் கிரே, மல்லிகை, எதுவும் சேர்க்காத கருப்பு. மூன்றும் இறுகிய மூடி போட்ட தகர டப்பா, மூன்று வேறு அலமாரியில். மல்லிகை பச்சைத் தேயிலையில் ஆனது, நிறம் காட்டிக்கொடுக்கும், அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். அது துவர்ப்பிலும் மாட்டிக்கொள்ளும், மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் பரீட்சை. 2 கிராம், 100 மில்லி, 6 நிமிடம், ஒரே சூடு. அம்மாதான் இடம் மாற்றி வைக்க வேண்டும். அவளுக்கு மறந்துவிடும் என்று கோப்பைக்கு அடியில் சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

முதல் சுற்று: ஒன்று சரி. மல்லிகை, துவர்ப்பை வைத்து.

இரண்டாவது சுற்று: அதே.

மூன்றாவது சுற்று, கண்கட்டை இறக்கிவிட்டு நடுவில் இதை எழுதுகிறேன். இரண்டாவது கோப்பையில் ரப்பருக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. நாக்கில் இல்லை, மேலே. ஜில்லும் இல்லை, எரிச்சலும் இல்லை. மறுபடி உறிஞ்சினால் காணவில்லை. கொஞ்சம் ஆறட்டும். அம்மா கோப்பைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டாள், இப்போது அவள் முகத்தை நான் பார்க்கக் கூடாது