குதிகால் தரையில் படிய ஐந்து மாதம்

போன ஆவணியில் திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கிணற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது 68. நானும் கூட ஆயலாம் என்று எதிரே உட்காரப் போனேன். பாதி இறங்கியதுமே இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பிவிட்டன. விரல் நுனியில் நின்று ஆடினேன். குதிகாலைக் கீழே அழுத்திப் பார்த்தேன், உடம்பு அப்படியே பின்னால் சாய்ந்தது. துவைகல்லைப் பிடித்ததால் விழவில்லை. திண்ணையில் இருந்த அப்பா, "ஏளா, குதிங்கால ஏன் தூக்குத? தரையில ஊனி இரி" என்றார். ஊன்றத்தான் முடியவில்லை.

எனக்கு அப்போது 41 வயது. பாளையங்கோட்டையில் வாடகை வீடு, கணக்கு எழுதும் வேலை, நாளைக்கு எட்டு மணி நேரம் நாற்காலி. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், சாப்பாடும் மேஜையில்தான். கடைசியாக எப்போது முழுதாகக் குத்தவைத்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. இத்தனைக்கும் அந்தச் சித்திரையிலிருந்தே வீட்டில் டம்பெல் வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அதில் ஸ்குவாட்டும் உண்டு. பள்ளிக்கூடத்தில் உக்கி போட்டதுதானே என்று, எப்படி இறங்குகிறேன் என்பதைக் கவனிக்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊரிலிருந்து வந்த மறுநாள் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். முழங்கால் முன்னால் நகரவே இல்லை. இடுப்பு மட்டும் பின்னால் போகிறது, அதற்கு ஈடாக நெஞ்சு கவிழ்கிறது. தொடை தரைக்கு இணையாக வர இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே நின்றுவிடுகிறேன். அந்த இடத்தில் கீழ்முதுகு கூன் விழுந்தமாதிரி வளைந்திருந்தது.

முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். பிறகுதான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2003-இல் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஏழு ஆண்களை வைத்து அளந்திருக்கிறார்கள். முழங்கால் முன்னே போகாதபடி ஒரு பலகையை நிறுத்தி ஸ்குவாட் செய்யச் சொன்னபோது, முழங்காலில் விழும் விசை ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டில் விழும் விசை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. என்னைப் போலக் கவிழ்ந்து இறங்கினால் பாரம் எங்கே போகும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ஆனால் அதைப் படிக்கும் முன்பே ஒரு தவறு செய்துவிட்டேன். இறங்க முடியாததற்குக் காரணம் பலம் போதாததுதான், பாரத்தைக் கூட்டினால் உடம்பு தானாக இறங்கும் என்று நினைத்தேன். வீட்டில் புதிதாக வாங்கிய அரிசிச் சிப்பம் இருந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கடைகளில் 26 கிலோவாக வருகிறதே, அந்தச் சிப்பம். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆறாவது தடவை எழும்போது கீழ்முதுகில் சுளுக்கென்று பிடித்தது. சிப்பத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கட்டில்மேல் சரித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் குனிய முடியவில்லை. முதலில் போன இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தசை குறைந்துகொண்டே போகும், அப்போதுதான் பாரம் தூக்க வேண்டியதே முக்கியம். வலி தணிந்ததும், கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். முதுகைத் தொட்டுப் பார்த்தார், குனிய நிமிரச் சொன்னார், அப்புறம் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தார்.

அந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து, ஒரு காலை முன்னே வைத்து நிற்க வேண்டும். குதிகால் தரையிலேயே இருக்க, முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி. குதிகால் எழும்பாமல் முழங்கால் தொடும் கடைசி இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. 10 செ.மீ. அளவுக்கு வந்தால் நல்லது என்றார். எனக்கு வலது கால் 7, இடது கால் 4.

அப்புறம் குதிகால் இரண்டையும் ஒரு பலகைமேல் வைத்து ஸ்குவாட் செய்யச் சொன்னார். பயந்துகொண்டே இறங்கினேன். முதுகு நேராக, தொடை தரைக்கு இணையாக, அதற்கும் கீழே போய் உட்கார்ந்துவிட்டேன். "பாத்தீங்களா அக்கா, இடுப்புல கோளாறு இல்ல. கணுக்கால் மடங்க மாட்டேங்கு, அதோட வேலையையும் சேத்து முதுகு பாக்கு" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். நிற்கும்போதும் இறங்கும்போதும் உடம்பின் எடை பாதத்தின் பரப்புக்கு நேர் மேலே இருந்தால்தான் விழாமல் இருப்போம். இறங்கும்போது இடுப்பு பின்னால் போகிறது. அதை ஈடுகட்ட முழங்கால் முன்னால் போயாக வேண்டும். கணுக்கால் மடங்காவிட்டால் முழங்கால் போகாது. பிறகு உடம்புக்கு மூன்றே வழி: குதிகாலைத் தூக்கும், நெஞ்சைக் கவிழ்க்கும், இல்லை பின்னால் விழும். நான் மூன்றையுமே செய்து பார்த்தவள். தொடை எலும்பு நீளமானவர்களுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் கூடுதல். அவர்கள் கொஞ்சம் கவிழ்ந்துதான் இறங்குவார்கள், அதில் தப்பில்லை.

இடது காலில் இன்னொரு சிக்கல் இருந்தது. வலது காலை மடக்கும்போது பின்னால் கெண்டைக்காலில் இழுத்தது. இடது காலில் இழுப்பே இல்லை, கணுக்காலின் முன்பக்கம் ஏதோ இடிக்கிறது போல இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கோகோ விளையாடும்போது அந்தக் கால் பிசகி, நல்லெண்ணெய் தேய்த்துத் துணி சுற்றி விட்டதோடு சரி. பின்னால் இழுத்தால் தசை இறுக்கம், முன்னால் இடித்தால் மூட்டு தடுக்கிறது, இரண்டுக்கும் வேலை வேறு என்று பிரித்துச் சொன்னார். இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். இணையத்தில் பார்த்த நீட்டல்களை எல்லாம் இடது காலுக்கும் செய்துகொண்டிருந்தேன், ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை.

தசைக்கு மாடிப்படி. முன்பாதத்தைப் படியின் ஓரத்தில் வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் எழும்பி, ஒரு காலால் மட்டும் மெதுவாக, ஐந்து எண்ணும் நேரம், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. கெண்டைக்காலில் மேலே ஒரு தசை, அடியில் ஒரு தசை. மேல்தசை முழங்காலையும் தாண்டிப் போவதால் முழங்கால் மடங்கினால் தளர்ந்துவிடும். ஸ்குவாட்டில் முழங்கால் மடங்கித்தானே இருக்கும், அதனால் அங்கே தடுப்பது பெரும்பாலும் அடித்தசை. நான் அதுவரை முழங்காலை நீட்டி மட்டுமே செய்துவந்தேன்.

மூட்டுக்கு, உடற்பயிற்சிக்கென்று விற்கும் பெரிய ரப்பர் பேண்டு. ஒரு முனையைக் கட்டில் காலில் மாட்டி (அசையாத கனமான கட்டிலாக இருக்க வேண்டும்), மறுமுனையைக் கணுக்காலின் முன்பக்கம், இரண்டு மொளிக்கும் (பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பு) கீழே படும்படி போட்டுக்கொள்ள வேண்டும். பேண்டு பின்னால் இழுத்துக்கொண்டிருக்க, குதிகாலை ஊன்றி முழங்காலை முன்னே தள்ள வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று. பேண்டு மொளிக்கு மேலே ஏறிவிட்டால் பயனில்லை. முதல் நாளே இடிப்பது பாதி குறைந்தது, ஆனால் மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிட்டது. தினமும் செய்ததில் மூன்றாவது வாரம்தான் நிலைத்தது.

இவற்றோடு சமையலறையில் ஒன்று. குக்கர் மூன்று விசில் வருவதற்குள், அடுப்பு மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்காருவேன், குதிகால் தரையில். பிடித்திருப்பதால் விழ மாட்டோம். கைக்குப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. இரு கை, ஒரு கை, இரண்டு விரல் என்று. எனக்கு எல்லாப் பயிற்சியையும்விட இதுதான் அதிகம் உதவியது என்று நம்புகிறேன். தினமும் செய்தேன், அதனால்.

இடுப்புக்கு அதிகம் செய்யவில்லை. பத்தமடைப் பாயை விரித்து, கையும் முழங்காலும் ஊன்றி, பிட்டத்தைப் பின்னால் கொண்டுபோய், எந்த அகலத்தில் முழங்கால் இருந்தால் முதுகு கடைசியாக வளைகிறது என்று பார்த்தேன். தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, பாதம் லேசாக வெளியே திரும்பி. அதுதான் என் நிலை. இடுப்புக் குழி எலும்பு ஆளுக்கு ஆள் வேறு, அடுத்தவரைப் பார்த்துக் காலை வைத்தால் சரிவராது. பாய்மேல் ஸ்குவாட் செய்யாதீர்கள், டைல்ஸ் தரையில் வழுக்கும்.

புரட்டாசி நடுவில் ஊருக்குப் போனபோது தையல் டேப்பைக் கொண்டுபோனேன். அப்பாவைச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். எதற்கென்று கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். 73 வயது, முப்பது வருடத்துக்கு மேல் பனையேறினவர். பதநீர்ப் பருவத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார், இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கும் தளைநார், பாதம் இரண்டும் மரத்தை அணைத்தபடி. 15 செ.மீ. தூரத்தில் நின்று முழங்காலால் சுவரைத் தொட்டார், குதிகால் அசையவில்லை. குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தேன். உள்பக்கம் முழுவதும் நார் உராய்ந்த காய்ப்பு, கறுத்து, தோல்செருப்பின் அடிமாதிரி கெட்டியாக. மடங்கிய கணுக்காலுக்கு முன்னால் தோல் மூன்று வரியாகச் சுருங்கியிருந்தது. என் காலில் அங்கே ஒரு வரிகூட விழாது.

உகாண்டாவில் தேனெடுக்க மரமேறும் ட்வா மக்களை ஆராய்ந்து 2013-இல் எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே வாழும் மரமேறாத மக்களைவிட அவர்களுக்குக் கெண்டைக்கால் தசையின் இழைகள் நீளம், கணுக்கால் அதிகம் மடங்கும். பிறவியில் வருவதைவிட ஏறி ஏறி வருவதாகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "தெனமும் ஏறுனா மரமே சொல்லிக் குடுக்கும்" என்றார். தசை வேலைக்குத் தக்கபடி நீளும் என்றால் எனக்கும் நீளும் என்று அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

ஐப்பசியில் மறுபடி ஸ்குவாட் ஆரம்பித்தேன். குதிகாலுக்கு அடியில் வீட்டு மணைப்பலகை. அது ஏமாற்று வேலை இல்லை. பளுதூக்குவோர் போடும் காலணியிலேயே குதிகால் 2 செ.மீ. போல உயர்ந்துதான் இருக்கும். நம் ஊர்ப் பஸ்கியிலும் கீழே போகும்போது குதிகாலைத் தூக்கத்தான் செய்வார்கள். பாரமில்லாமல் வேகமாகச் செய்வதற்கு அது சரி. கையில் பாரம் இருக்கும்போது பாதம் முழுவதும் எதன்மேலாவது படிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

5 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தேன். முன்னால் பாரம் இருந்தால் பின்னால் சாய்வது நிற்கும், அதனால் வெறும் கையைவிட இது சுலபம். முக்காலியில் உட்காருவதுபோல மூன்று எண்ணி இறங்கி, கீழே இரண்டு எண்ணி நின்று, எழுவேன். குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூன்றும் தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். எழும்போது இடது முழங்கால் உள்ளே விழுந்தது. பெருவிரல் அடியை அழுத்தியபடி முழங்காலைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளினால் நேராயிற்று. வாரம் ஒருமுறை அதே குடம், அதே வீடியோ. கீழ்முதுகு வளையத் தொடங்கும் இடத்துக்கு நாலு விரல் மேலேயே நிறுத்தினேன். அந்த இடம் வாராவாரம் தாழ்ந்தது.

மார்கழியில் மணைப்பலகையை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் மடித்த சாக்கு ஒன்று. தை பிறந்தபோது வெறுந்தரை, 12 கிலோ, எட்டு தடவை, மூன்று சுற்று. வலது கால் 11 செ.மீ., இடது கால் 8. இடது இன்னும் வராமல் இருக்கிறது. படியும் பேண்டும் தினமும் நடக்கின்றன. அரிசிச் சிப்பத்தைத் தொடவில்லை. 20 கிலோ வரை ஒவ்வொரு கிலோவாகப் போன பிறகு பார்க்கலாம்.

பொங்கல் கழிந்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மா கிணற்றடியில் இருந்தாள். எதிரே போய்க் குத்தவைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, சாளைச் சட்டியை என் பக்கம் தள்ளினாள். சட்டியில் நாற்பது மீனாவது இருக்கும். உப்புப் போட்டுத் தேய்த்துச் செதில் எடுத்து, கடைசி மீன் வரை இருந்தேன்.