மாமனார் கழுத்தில் ஒரு பைனாகுலர்

ஊரிலிருந்து வந்திருந்த மாமாவையும் அத்தையையும் எங்கே கூட்டிப்போவது என்று யோசித்தபோது ‘பாம்ஸ் டு பைன்ஸ்’ சாலைதான் நினைவுக்கு வந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் பானிங் என்ற ஊரில் 243-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, சான் ஜசின்டோ மலையேறி, ஐடில்வைல்டைத் தாண்டி 74-இல் இறங்கினால் பாம் டெசர்ட். சுமார் 65 மைல்தான். காலை டிபன் பைன் காட்டில், மதியச் சாப்பாடு பாலைவனத்தில். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வழியில் பிக்ஹார்ன் காட்டாடு காட்டுகிறேன் என்று வாயை விட்டேன். 1998-லேயே அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஆடு அது. மாமா அன்று சாயங்காலமே ஒரு பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மலையேற ஏறக் காது அடைத்தது. சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியது. “கெட்டுப்போச்சு போல” என்று அத்தை அதை ஓரங்கட்டிவிட்டார். இந்தப் பக்கம் காடாகவும் அந்தப் பக்கம் பாலைவனமாகவும் இருப்பது ஏன் என்று முதல் நாள் இரவே ஒரு விரிவுரை தயார் செய்து வைத்திருந்தேன். “மேகமெல்லாம் மேற்குச் சரிவுலயே...” என்று ஆரம்பித்தேன்.

“மூணாறுல கொட்டும், போடியில காயும். அதுதானே மாப்பிள்ளை?”

தேனிக்காரரிடம் மழை மறைவுப் பிரதேசம் பற்றிப் பாடம் எடுக்கப் போனது என் தப்பு.

ஐடில்வைல்டு சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். கீழே பலாப்பிஞ்சு அளவுக்கு ஒரு பைன் காய் கிடந்தது. செதிலுக்குச் செதில் புலி நகம் மாதிரி கொக்கி. கூல்டர் பைன் காயாம், நாலு கிலோகூட எடை வருமாம். “மரம் வெட்டுறவங்க இதுக்கு விடோமேக்கர்னு பேரு வெச்சிருக்காங்க” என்று என் மனைவி போனைப் பார்த்துப் படித்தாள்.

“அப்படின்னா?”

“தாலியறுப்பான்னு வெச்சுக்கோயேன்மா.”

அத்தை அண்ணாந்து பார்த்தார். எங்கள் தலைக்கு நேர் மேலே ஏழெட்டுத் தொங்கின. “மாப்பிள்ளை, முதல்ல வண்டிய எடுங்க.” மீதி இட்லியை ஓடும் காரில்தான் சாப்பிட்டோம்.

ஐடில்வைல்டின் மேயர் ஒரு நாய். மேக்ஸ் என்ற கோல்டன் ரெட்ரீவர். நகராட்சியே இல்லாத ஊர் என்பதால் மனித மேயர் கிடையாது. 2012-இல் விலங்குகள் நலனுக்கு நிதி திரட்ட ஒரு தேர்தல் வைத்தார்கள். ஓட்டு ஒன்றுக்கு ஒரு டாலர். அதில் ஜெயித்தது முதல் மேக்ஸ். அதற்கப்புறமும் மேக்ஸ் பரம்பரைதான். நாய் மேயரானதை மாமா சாதாரணமாக எடுத்துக்கொண்டார். “ஓட்டுப் போடறவன் காசு குடுக்கணுமா?” என்பதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

74-இல் இறங்க இறங்கப் பைன் மரங்கள் காணாமல் போய், சாட்டை சாட்டையாக நிற்கும் ஒகோட்டியோ என்ற முட்புதர் வந்தது. ஏப்ரல் என்பதால் நுனியெல்லாம் சிவப்புப் பூ. கோச்செல்லா பள்ளத்தாக்கு விரிந்து தெரியும் காட்சிமுனையில் மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். முக்கால் மணி நேரம். “அதோ!” என்று அவர் காட்டிய ஆறு ஆடுகளும் பாறைகள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “தூங்குது” என்றார்.

இன்னும் கீழே ஓரிடத்தில், “இதோ வந்துடறேன்” என்று புதர்ப் பக்கம் ஒதுங்கியவர் சத்தம் போட்டார். பேன்ட்டில் எலுமிச்சை அளவில் ஒரு முள் பந்து. ச்சோயா (cholla) என்ற கள்ளி. லேசாக உரசினால் போதும், ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும். மாமா அதைக் கையால் பிடுங்கப் பார்த்தார். இப்போது அது பேன்ட்டிலும் இருந்தது, கையிலும் இருந்தது. உதவிக்குப் போன எனக்கு விரலில் இரண்டு முள். உள்ளே போன முள் வெளியே வர மறுத்தது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, பந்துக்கு அடியில் செருகி ஒரே நெம்பு. பந்து பறந்து போய் ரோட்டோரம் விழுந்தது. பிற்பாடு படித்தேன், பாலைவனத்தில் நடப்பவர்கள் இதற்கென்றே சீப்பு வைத்திருப்பார்களாம். “பேன் எடுக்குற மாதிரிதான்” என்று அத்தை அதைத் துடைத்து உள்ளே வைத்தார்.

அன்றிரவு லா கின்டாவில் தங்கினோம். காலையில் காபியோடு வெளியே வந்தால், எதிரே இருந்த கோல்ஃப் மைதானப் புல்லில் நாலு பிக்ஹார்ன்கள். சுருண்ட கொம்போடு ஒரு கிடாயும் இருந்தது. மலையில் காய்ந்துபோனால் பச்சைப் புல்லைத் தேடி இறங்கிவிடுமாம். மாமாவைக் கூப்பிட்டேன். லுங்கியோடு ஓடி வந்தவர், பார்த்துவிட்டு அப்படியே திரும்பி அறைக்குள் ஓடினார். பைனாகுலரோடு வந்தார்.

“இங்கிருந்தே நல்லாத் தெரியுதே மாமா.”

“தெரியுது. நேத்துப் பூரா கழுத்துல தொங்க விட்டிருக்கேன். இருங்க, ஒரு தடவையாவது இதுல பார்க்குறேன்.”