ராமநாதபுரம் நீர்ப்பறவைகளுக்கு ஒரு இணையதளம்: திட்டம் போட்டு முடித்த கதை

ஒரு தளம் ஆரம்பிக்கிறேன். பொதுவில் இன்னும் ஒரு பக்கம்கூட ஏற்றவில்லை, முகவரியும் வாங்கவில்லை. ஆனால் எதற்காக, யாருக்காக, உள்ளே என்ன இருக்கும் என்கிற மூன்றும் முடிவாகிவிட்டது. இந்த இடத்துக்கு வந்து சேரவே சில மாதங்கள் பிடித்தன, அதனால் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய ஜில்லா இது. ஆனால் மழை பெய்து கண்மாய் நிறைந்தால் இங்கே வந்து இறங்குகிற பறவைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறந்துவிடுவார்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய நான்கு கண்மாய்களும் இன்று உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன, கடைசி இரண்டும் 2025-இல் சேர்ந்தவை. கடல் பக்கம் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 2022-லேயே அதே பட்டியலுக்குள் வந்துவிட்டது. 2025-இல் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமாக அரசு அறிவித்தது. இத்தனையும் ஒரே மாவட்டத்தில். ஆனால் உச்சிப்புளியிலோ பெரியபட்டினத்திலோ இருக்கிற ஒருவர் இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு எங்கே போனால் பறவை இருக்கும் என்று தமிழில் தேடினால் உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை. கோயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம் என்று சுற்றுலாத் தகவல்தான் வரிசை கட்டி வருகிறது.

இந்த இடைவெளிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முதலில் நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன், அதை அடித்து அடித்துத் திருத்தினேன். இப்போது நிற்பது இதுதான்: "நம் மாவட்டத்தில் இருக்கிற ஒருவர், இந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தக் கண்மாய்க்கோ கடற்கரைக்கோ போனால் பறவை பார்க்கலாம் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்." இதற்கு உதவாத எதுவும் தளத்துக்குள் வராது. மனதில் இருந்த ஆசைகள் பலவற்றை இந்த வாக்கியம் வெட்டிவிட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த வரலாறு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதற்கு இங்கே இடமில்லை. படக்காட்சியகம் இல்லை. தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை.

யாருக்காக என்பதில்தான் அதிக நேரம் போனது. மூன்று வகை ஆட்கள் கண்முன்னால் இருந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெரிய லென்ஸோடு வருகிறவர்கள், ராமேஸ்வரம் வருகிற யாத்ரீகர்கள், அப்புறம் நம்மூர் ஆட்கள். படம் எடுக்கிறவர்களுக்கு ஈபேர்ட் இருக்கிறது, எந்த இடத்தில் எந்தத் தேதியில் என்ன பறவை பதிவானது என்று அதிலேயே பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் புதிதாக நான் கொடுக்க ஒன்றுமில்லை. தவிர, அவர்கள் கேட்பதெல்லாம் கூடு எங்கே என்றுதான் வந்து முடியும், அதைச் சொல்லவே கூடாது என்பது என் கட்டாயமான முடிவு. கருவேல மரத்தில் கூடு வைத்திருக்கிற நாரையைக் கிட்டப் போய்க் கலைத்தால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், இல்லையென்றால் நிழலில்லாமல் குஞ்சு வெயிலில் வாடிச் செத்துவிடும். யாத்ரீகர்களுக்கு இருபத்திரண்டு தீர்த்தமாடி முடித்துச் சாமி கும்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும், பாவம், அவர்களுக்கு நேரம் இல்லை.

மீதி இருப்பது நம்மூர் ஆட்கள். அதிலும் பள்ளிக்கூட ஆசிரியர்களைத்தான் முதல் வாசகராக வைத்துக்கொண்டேன். ஒரு ஆசிரியர் படித்தால் அவர் பின்னால் நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் சொல்கிறார்கள். பொங்கல் சமயத்தில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்புக்கும் இந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு ஆள்.

கீழக்கரைப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிற டீச்சர் ஒருவர் எனக்குப் பழக்கம். மாதிரிக்கு ஒரு பக்கம் மட்டும் தயார் செய்து, சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையிலேயே நின்று அவரிடம் போனைக் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து காட்டுவதில் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது, ஏனென்றால் இந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறவர் நிற்கப்போவது அந்தக் கரையில்தான். வெயிலில் திரை தெரியவில்லை. முந்தானையைப் போன் மேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். நான் அழகாக எழுதியிருந்த கண்மாய் வரலாறு முழுவதும் ஒரே தள்ளலில் மேலே போய்விட்டது. பறவைப் படங்களில் கொஞ்சம் நின்றார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்: "தம்பி, பஸ் நிக்கிற எடத்துலேர்ந்து எவ்வளவு தூரம் நடக்கணும்? நிழல் இருக்கா? பொம்பளப் பிள்ளைகளுக்கு பாத்ரூம்?" ஒன்றுக்கும் என் பக்கத்தில் பதில் இல்லை. "இது இருந்தாத்தான் தம்பி ஹெச்.எம். விடுவாங்க" என்றார்.

அந்தக் கேள்விகள்தான் இப்போது ஒவ்வொரு நீர்நிலைப் பக்கத்திலும் இரண்டாவதாக வருகிற கட்டம். பஸ் எங்கே நிற்கும், எவ்வளவு நடை, நிழல் உண்டா, குடிதண்ணீர் உண்டா, கழிப்பறை பக்கத்தில் எங்கே இருக்கிறது. எழுத்தைக் கறுப்பாகவும் பெரிதாகவும், பின்புலத்தை வெள்ளையாகவும் வைத்ததும் அந்த முந்தானைக் கூடாரத்தைப் பார்த்த பிறகுதான்.

முதலாவதாக வருவது தண்ணீர். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வேறு ஊர்களில் சரணாலயம் என்று பலகை இருந்தால் போய்ப் பார்க்கலாம், இங்கே பலகை இருக்கும், சரணாலயம் கட்டாந்தரையாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்தது, வைகையில் தண்ணீர் வந்ததா என்பதைப் பொறுத்து ஒரு வருஷம் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் மரம் கொள்ளாமல் இருக்கும், அடுத்த வருஷம் அதே இடத்தில் ஆடு மேயும். ஆகவே பக்கத்தின் தலையில் ஒரே வரி: இந்தத் தேதிக்குத் தண்ணீர் எவ்வளவு. அடி, கன அடி என்று போடப்போவதில்லை. கரையில் இருக்கிறவர்கள் சொல்கிற மாதிரியே கலுங்கு போகிறது (நிரம்பி வழிகிறது), முக்கால், அரை, குட்டை மட்டும், வறண்டது என்று ஐந்து நிலை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதும், நான் மாற்றிவிடுவேன். சக்கரக்கோட்டைக்கும் தேர்த்தங்கலுக்கும் அப்படி ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். கரையோரம் வயல் வைத்திருக்கிறவர்கள், தினமும் எப்படியும் கண்மாயைப் பார்க்கிறவர்கள். தேதி போடுவதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்திய தகவல் என்றால் அந்த வரி தானாகவே சாம்பல் நிறத்துக்கு மாறுகிற மாதிரி வைக்கிறேன், பழைய தகவலை நம்பி நாற்பது பிள்ளைகள் பஸ் ஏறிவிடக் கூடாது.

கடற்கரைப் பக்கங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. தனுஷ்கோடியில் பூநாரை நிற்பது ஆழமில்லாத காயலில், அதுவும் ரோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி. வெறுங்கண்ணுக்கு வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். அதனால் அங்கே முதல் வரி, பைனாகுலர் இருந்தால் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள் என்பது. இரண்டாவது, வாடைக்காற்றுக் காலத்தில் காலையிலேயே போய்விடுங்கள் என்பது. மண்டபம், வாலிநோக்கம் உப்பளப் பக்கம், காரங்காடு அலையாத்திக் காடு இவற்றுக்கும் பக்கம் உண்டு. காரங்காட்டில் வனத்துறையே படகு விடுவதால் பிள்ளைகளுக்கு அது தனிக் கொண்டாட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் பக்கமே கிடையாது. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாத இடத்துக்கு வழிகாட்டி எழுதுவது சரியில்லை.

அடுத்தது பறவைப் பக்கங்கள். இதில் நிறைய எழுத ஆசை இருக்கிறது, ஆனால் ஒரு பறவைக்கு ஒரு பிள்ளை கேட்கிற கேள்விகளுக்கு மட்டும் பதில் என்று வரம்பு வைத்திருக்கிறேன். பூநாரைக்கு எழுதி முடித்தாயிற்று. அதைப் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் கேட்பது, "வெள்ளையாத்தானே இருக்கு, ரோஸ் எங்கே?" பெரும் பூநாரை நிற்கும்போது வெளிர் நிறமாகத்தான் தெரியும், எழுந்து பறக்கும்போது இறக்கை விரிந்தால்தான் அந்தச் சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் கண்ணைப் பறிக்கும். குஞ்சு சாம்பல் பழுப்பாக இருக்கும், தின்கிற பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கிற நிறமி உடம்பில் சேரச் சேர வருஷக் கணக்கில் நிறம் ஏறும். அடுத்த கேள்வி, ஏன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது? அது சாப்பிடுகிற விதமே அப்படி. மேல் அலகு கீழே போகும்படி தலையைத் தலைகீழாக வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளுகிறது, அலகின் உள்ளோரத்தில் இருக்கிற சீப்புப் பற்கள் போன்ற அமைப்பில் சிக்குவதை விழுங்குகிறது. இவ்வளவுதான் பக்கம். அறிவியல் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேவைப்பட்ட ஆசிரியர் எடுத்துக்கொள்ளட்டும்.

இதேபோல் நத்தைகுத்தி நாரைக்கும் எழுதிவிட்டேன். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அப்புறம் மறப்பதே இல்லை. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், ஆலா வகைகள், ஊசிவால் வாத்து ஆகியவை பாதியில் நிற்கின்றன. உள்ளான் வகைகளைத் தொடப்போவதில்லை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க அனுபவசாலிகளே திணறுவார்கள், முதல் தடவை வருகிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

தொழில்நுட்ப விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் பாதி நேரம் இருக்காது, கண்மாய்க் கரைகளிலும் அப்படித்தான். அதனால் சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்கள், பின்னால் தரவுத்தளம் எதுவும் இல்லை. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் எடுக்கும் என்றாலும் ஒரு நீளமான பக்கமே சில பத்து கே.பி.க்குள் அடங்கிவிடுகிறது, பாரமெல்லாம் படத்தில்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று படம், வெப்பி (WebP) என்கிற பட வடிவத்தில் சுருக்கி. தனி எழுத்துரு ஏற்றாமல் போனில் இருக்கிற தமிழ் எழுத்தையே பயன்படுத்துகிறேன். வீட்டில் ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் நெட் இல்லாமலும் அதே பக்கம் திறக்கிற ஏற்பாடும் செய்தாயிற்று, டீச்சரின் போனில் ஏரோபிளேன் மோடு போட்டுத் திறந்து பார்த்தோம், வந்தது. முகவரிக்கு .இந்தியா என்று தமிழிலேயே வாங்க முடியும், எனக்கும் ஆசைதான், ஆனால் பஸ்ஸில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி அவர் உடனே தட்ட வேண்டும் என்றால் .இன் தான் சௌகரியம்.

படங்களுக்கு நண்பர்களிடம் கேட்டேன். யார் படமோ அவர் பெயர் படத்துக்குக் கீழே வரும், பாடத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் சம்மதம் வாங்கியே போடுகிறேன். கூடு தெரிகிற படம் வந்தால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுப்பதில்லை.

எப்போது திறப்பது என்பதையும் மழையே முடிவு செய்துவிட்டது. ஐப்பசியில் மழை பிடித்து, கார்த்திகையில் பறவை வரத் தொடங்கி, மார்கழி, தை, மாசி முழுக்கக் கூட்டம் இருக்கும், பங்குனியில் குஞ்சுகள் பறக்கப் பழகும், அப்புறம் தண்ணீர் இறங்கிவிடும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், காலாண்டு விடுமுறை முடிந்து ஆசிரியர்கள் திரும்புகிற சமயமும் அதுதான். கோடையில் தளம் சும்மா கிடக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். கிடக்கட்டும். வறண்டது என்று தேதி போட்டு எழுதியிருந்தால் அதுவும் ஒருவரின் பஸ் செலவை மிச்சம் பிடிக்கிற தகவல்தான். அந்த மாதங்களில் நான் மீதிப் பறவைப் பக்கங்களை எழுதுவேன்.

இப்போது கையில் இருக்கிற வேலை, சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் தண்ணீர்த் தகவல் சொல்ல முதுகுளத்தூர்ப் பக்கம் ஆள் பிடிப்பது. அப்புறம் டீச்சரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பூநாரைப் பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்த வரியில் தடுக்குகிறார்களோ அந்த வரியைத் திருப்பி எழுதுவேன்.