வெறுமனே ‘கொள்ளாம்’ என்று சொல்லாதீர்கள்

எங்கள் நாகர்கோவில் பக்கம் ‘கொள்ளாம்’ என்று ஒரு சொல் உண்டு, ‘நல்லாயிருக்கு’ என்று அர்த்தம். மீன்குழம்பு, பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை, வீட்டுக்கு அடித்த பெயின்ட், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இழுத்துச் சொன்னால் நிஜமாகவே பிடித்திருக்கிறது, வெட்டெனச் சொன்னால் ஆளை விடு. கேமரா வாங்கிய முதல் இரண்டு வருடம் என் படங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இந்த வெட்டுக் ‘கொள்ளாம்’தான், என் காதில் மட்டும் அது இழுத்துச் சொன்னது போலவே விழுந்துகொண்டிருந்தது.

இப்போது படம் எடுக்கிற நாங்கள் எட்டு ஒன்பது பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். ஒருவர் பாங்கில் வேலை, ஒருவர் டைல்ஸ் பதிப்பவர், ஒரு டீச்சர், குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, கடற்கரை ஊரிலிருந்து ஒரு தம்பி, இப்படி. மாதத்தில் ஒரு ஞாயிறு விடியுமுன் எங்காவது கிளம்புவோம். அப்புறம் இன்னொரு ஞாயிறு வடசேரியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, டீயும் ரசவடையுமாக, படங்களைப் பிரித்து மேய்வோம். ஆளுக்கு மூன்று படம்தான், அதுவும் காகிதத்தில் பிரின்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். போனில் காட்டினால் ஒருவர் திரை பளிச்சென்று இருக்கும், இன்னொருவர் திரை மங்கலாக இருக்கும், வாட்ஸப்பில் அனுப்பியதோ நசுங்கிப் போய் வரும், கடைசியில் படத்தைப் பற்றிப் பேசுகிறோமா போனைப் பற்றிப் பேசுகிறோமா என்றே தெரியாது. இன்னொரு விதி, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதி வந்ததற்கு நானும் ஒரு காரணம். மூன்று மணிக்கு எழுந்தேன், காளிகேசம் ரோட்டில் வண்டி பஞ்சர், அட்டை கடித்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டு பாடுவேன். பாங்க்காரர் ஒருநாள் பிரின்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அட்டை இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்.

குறை சொல்வதைக் கேட்டுக்கொள்வது வேறு, கேட்டதையெல்லாம் நம்புவது வேறு. இந்தக் குழுவில் சேருமுன் கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை ஒரு விடியலில் எடுத்திருந்தேன். வெளியூர் நண்பர் ஒருவர், நிறையப் படம் எடுப்பவர், பார்த்த உடனே “சிலை சாய்ஞ்சிருக்கு, நிமிர்த்துங்க” என்றார். நானும் கம்ப்யூட்டரில் படத்தைச் சுற்றிச் சுற்றி வள்ளுவரை அட்டென்ஷனில் நிற்க வைத்தேன். டீக்கடையில் அந்த பிரின்ட்டைக் கையில் வாங்கிய அண்ணாச்சி கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே, “மக்ளே, வங்கக்கடல் தண்ணி பூராவும் அரபிக்கடலுக்கு ஒழுகிருமே” என்றார். தொடுவானம் அப்படிச் சரிந்து கிடந்தது. அந்தச் சிலை விறைப்பாக நிற்பதே இல்லை, இடுப்பில் லேசான ஒரு வளைவோடுதான் கணபதி ஸ்தபதி அதை அமைத்தார். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், அதன்மேல் 95 அடிச் சிலை, மொத்தம் 133 அடி என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன் நான், அந்த இடுப்பை மட்டும் கவனிக்கவில்லை. கடல் இருக்கும் படத்தில் ரசமட்டம் கடல்தான், சிலை இல்லை. இதைச் சொல்ல வாட்டம் பார்த்து டைல்ஸ் பதிப்பவர் ஒருவர் குழுவில் இருந்தது வசதியாகப் போயிற்று, அன்றைக்கு முழுக்க அவர் என்னை விடவில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எல்லோரும் எடுக்கும் அதே படம், தூண்களுக்குக் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்து. 1966இல் கட்டியது, 115 அடி உயரம், ஆனால் என் படத்தில் அது பதினைந்து அடியாகக் கூட இருக்கலாம், ஏனென்றால் அளந்து பார்க்க ஒரு ஆளோ மாடோ தென்னையோ படத்தில் கிடையாது. சரி, அது அவ்வளவுதான்.

கரமடிப் படம்தான் எனக்கு உண்மையான அடி. சங்குத்துறைப் பக்கம் ஒருநாள் காலையில் கரமடி, அதாவது கரையில் நின்றே இழுக்கும் வலை, இழுத்துக்கொண்டிருந்தார்கள். 250க்கு ஜூம் வைத்து, ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று, பின்னணி மங்க, நாலைந்து பேரின் முகமும் புடைத்த நரம்பும் கையில் இறுகிய கயிறும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தேன். கூர்மையில் குறை சொல்ல முடியாது. டீச்சர்கூட இழுத்து ஒரு ‘கொள்ளாம்’ சொன்னார், நான் உள்ளுக்குள் மிதந்துகொண்டிருந்தேன். கடற்கரைத் தம்பி வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, “அண்ணே, இவங்க யாருகூட இழுக்காங்க?” என்றான். யாருக்கும் புரியவில்லை. “கயிறு அந்தப் பக்கம் போயி எதுல முடியுது? படத்துல அது இல்லையே. கோயில் கொடைக்கு வடம் இழுக்கிற போட்டி மாதிரில்லா இருக்கு.”

பிறகு அவன் விளக்கினான். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையோடு கடலுக்குள் போய் வளைத்துக்கொண்டு வந்து, மறுமுனையைத் தள்ளி இன்னொரு இடத்தில் கரையேற்றும். இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும், கடைசியாக வருவதுதான் மீன் அடைந்த மடி. நான் பார்த்ததோ ஒரு கூட்டத்தை மட்டும். நூறடி தள்ளி இன்னொரு கூட்டம் இழுத்ததை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவே இல்லை. “ரெண்டு கூட்டமும் கிட்ட வாறதுவரை நில்லுங்க. பொறவு எடுங்க” என்றான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வேலை அது, நான் அன்று பத்து நிமிடத்தில் திரும்பியிருந்தேன்.

மூன்றில் ஒரு பங்கு விதி, ஹிஸ்டோகிராம் என்கிற வெளிச்ச வரைபடம், வானம் வெளுத்துவிட்டதா இல்லையா, இதெல்லாம் படித்தால் வந்துவிடும், எனக்குமே வந்தது. ஆனால் “யாருகூட இழுக்காங்க” என்று கேட்க அந்தக் கயிற்றைப் பிடித்தவன் வேண்டும். அவனிடம் இருப்பது பழைய கேமராவும் கூடவே வந்த 18-55 லென்ஸும்தான், எங்களில் சிலர் அவன் படத்தைப் பார்க்குமுன் அதைத்தான் பார்ப்போம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சருக்கும் இதே கதிதான். அவரிடம் கேமராவே இல்லை, போன்தான். தோவாளைப் பூச்சந்தையில் வெளுக்காத காலையில் எடுத்த ஒரு படம் கொண்டுவந்தார், குவித்துவைத்த பிச்சிப்பூ, மேலே ஒரு குண்டு பல்பு. நான் உடனே ஒயிட் பேலன்ஸ் பாடம் எடுக்க ஆரம்பித்தேன், பிச்சி வெள்ளையாக இருக்க வேண்டாமா, இது மஞ்சளாக அல்லவா இருக்கிறது என்று. அவர் தன் முறை வரும்வரை பொறுத்திருந்து, “அந்த நேரத்துல பிச்சி அங்க மஞ்சள்தான். நீங்க விடிஞ்ச பிறகுதான் போயிருப்பீங்க” என்றார். உண்மை. ஆனாலும் அந்த மஞ்சளைக் கொஞ்சம் குறைத்திருந்தால் இதழ்கள் தனித்தனியாகத் தெரிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியே நிற்கிறது அந்த வழக்கு.

ஒரு படத்தை மட்டும் விமர்சனமே செய்யாமல் கவிழ்த்து வைத்தோம். தேரூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு பையன் எடுத்தது, கூட்டுக்குள் வாயைப் பிளந்த குஞ்சுகள், ஒவ்வொரு தூவியும் எண்ணலாம். எவ்வளவு பக்கத்தில் போனாய் என்று கேட்டோம். இலைகளை விலக்கிக் கட்டிவிட்டு எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னான். சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறியதிலிருந்து கேமராவோடு வருபவர்கள் அதிகம் கண்ணில் படுகிறார்கள், தப்பில்லை, ஆனால் மறைவை விலக்கினால் வெயிலும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், பயந்த தாய்ப்பறவை திரும்பாமலும் போகலாம். இதையெல்லாம் நான்தான் அவனிடம் சொன்னேன், நீதிபதி மாதிரி, நாலு பேர் முன்னால். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் அதன்பிறகு வரவில்லை. சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, சொன்ன விதத்தை நினைத்தால்தான் இப்போதும் டீ இறங்க மறுக்கிறது.

கரமடிக்குத் திரும்பப் போனேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளத்தின் விளிம்பில், கேட்டுக்கொண்டுதான், ஏறி நின்று லென்ஸை 18இல், அகலமாகத் தெரிகிற மாதிரி, வைத்து எடுத்தேன். இரண்டு வரிசை ஆட்கள், இரண்டு கயிறு, நடுவே கடல். முகம் எதுவும் பெரிதாக இல்லை, வானம் கொஞ்சம் வெளுத்தும் போயிற்று. டீக்கடையில் தம்பி அதைப் பார்த்து ‘கொள்ளா...ம்’ என்றான், நீளமாக. சரி என்று ஒரு பிரின்ட் கூடுதலாகப் போட்டு, வரிசையில் முதலில் நிற்கும் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்திலும் தூரத்திலுமாக வைத்துப் பார்த்தார்.

“அன்னைக்கு மடியில ஒண்ணுமே விழல்லியே, அதையா போயி எடுத்தீரு?”