பத்திரம் இருந்தும் வீடு கட்ட முடியாத மனை

2013-இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊராட்சியில் 40-க்கு 60 அடி மனை ஒன்று வாங்கினேன். விற்றவர் "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று சொல்லி, ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைக் காட்டினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் தடையில்லாமல் பதிவானது. அரசாங்கமே பதிந்து கொடுத்துவிட்டது, இனி என்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

அந்த நம்பிக்கை வங்கியில்தான் உடைந்தது. வீட்டுக் கடனுக்குப் போனபோது மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "டிடிசிபி நம்பர் என்ன?" 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அது டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையின் வேலை. என்னிடம் இருந்த நகல் வெறும் காகிதம்தான்.

அடுத்த அடி 2016 செப்டம்பரில் விழுந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைச் சட்டப்படி முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் 2017 மே மாதம் வந்தபோதுதான் மூச்சு விட்டோம். 2016 அக்டோபர் 20-ஆம் தேதியோ அதற்கு முன்போ ஒரு மனையாவது பத்திரப் பதிவு மூலம் விற்கப்பட்டிருந்தால் அந்த மனைப்பிரிவை வரன்முறைப்படுத்த விண்ணப்பிக்கலாம் என்றன அந்த விதிகள்.

எங்கள் மனைப்பிரிவில் 34 மனைகள். மனை போட்டவர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். விதிப்படி மனை வாங்கியவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் நாங்களே இறங்கினோம். ஆனால் எல்லோரையும் சேர்ப்பது லேசில்லை. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதியலாம் என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு "பத்திரம்தான் பதியுறாங்களே, அப்புறம் எதுக்கு இந்தச் செலவு?" என்று பாதிப்பேர் ஒதுங்கினார்கள். பத்திரப் பதிவு வேறு, கட்ட அனுமதி வேறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிய வைக்க, மனை வாங்கியவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு வீடாக நடந்தார். அவர் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ பதிவேடு, சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். என் மனைக்குத் தனிப் பட்டாவே இல்லை. சர்வே எண் முழுவதும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடந்தது. உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மனு கொடுத்தால், "சர்வேயர் வரணும்" என்ற ஒரே பதிலுக்காகப் பல மாதம் அலைந்தேன். மனு எண்ணைக் காட்டினால் அடுத்த மேசைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் ஆள் இருக்கமாட்டார். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

சர்வேயர் வந்த நாளை மறக்க முடியாது. டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே போனவர், கிழக்கு வரிசையில் நின்றுவிட்டார். புலப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, படத்துல இங்க ஒரு வாய்க்கால் போகுது. தரையில எங்க?"

"நீங்க நிக்கிற இடம்தான் தம்பி" என்றார் ஆசிரியர். சின்ன வயதில் அந்த வாய்க்காலில் குளித்தவர் அவர்.

மனை போட்டவர் வாய்க்காலை மண் போட்டு நிரவி, மனைகளோடு சேர்த்து விற்றிருந்தார். நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு எதையும் வரன்முறைப்படுத்த முடியாது. "படத்துல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று ஓர் இடைத்தரகர் வந்தார். நாங்கள் கேட்கவில்லை. மேட்டுத் தெருவில் ஏன் ஒவ்வோர் ஐப்பசியிலும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு அன்றைக்குத்தான் எங்களுக்கு விடை கிடைத்தது.

வாய்க்காலை விட்டு எல்லைக் கல் நட்டபோது என் மனையின் பின்பக்கம் ஒன்றரை அடி போனது. 2,400 சதுர அடி 2,340 ஆனது. எனக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. மூலை மனைக்காரருக்கோ ஏறக்குறைய பாதி போய்விட்டது. தையல் கடை வைத்திருப்பவர், மனைவியின் நகையை விற்று வாங்கிய இடம். "அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார். விதி சரி, வாய்க்கால் வேண்டும். ஆனால் விற்றவர் பணத்தோடு போய்விட, கடைசியில் வாங்கியவர் தலையில் முழுச் சுமையும் விழுவது அநியாயம். அவருக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் வழி எதுவும் இந்த நடைமுறைக்குள் இல்லை.

பிறகு வேலை ஓடியது. மனைக்கு ₹500 ஆய்வுக் கட்டணம், சதுர மீட்டர் கணக்கில் வரன்முறைக் கட்டணம். முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் ஒப்புதல், அதன்மேல் தனி மனைக்கு ஆணை. விண்ணப்பத்திலிருந்து ஆணை கைக்கு வர 14 மாதம் ஆயிற்று.

கையில் காசு சேர்ந்து கட்டத் தயாரானது 2024-இல். அந்த ஜூலையில்தான் சுயசான்று முறை வந்திருந்தது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதானால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் கட்டி உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டியே யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். உறுதிமொழி கொடுப்பது நாம்தான், பொய்யானால் பொறுப்பும் நம்முடையதுதான்.

எங்கள் பொறியாளர் பழக்கத்தில் பத்திரத்தைப் பார்த்து 2,400 என்றே வரைபடத்தில் போட்டுவிட்டார். ஆணையில் இருப்பது 2,340. திருத்தினால்தான் பதிவேற்றுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். எங்கள் தெரு 23 அடி. 9 மீட்டருக்குக் குறைவான சாலை என்பதால் 2019 கட்டட விதிகளின்படி முன்பக்கம் 1.5 மீட்டர் விட வேண்டும். மழைநீர்த் தொட்டியையும் குறித்தோம். காலையில் பதிவேற்றினோம், சாப்பாட்டு நேரத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. அந்த ஆணையை அச்செடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன்.

மனை வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். பட்டா, அ பதிவேடு, புலப்படம், வில்லங்கம் எல்லாமே இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. படத்தில் வாய்க்காலோ வண்டிப்பாதையோ இருந்து தரையில் இல்லையென்றால், பக்கத்தில் உள்ள வயதானவர் யாரையாவது கேளுங்கள்.

தையல் கடைக்காரர் மீதமிருந்த 1,300 சதுர அடிக்கு வரன்முறை ஆணை வாங்கி வைத்திருக்கிறார். அதற்குள் அடங்கும் இரண்டு அறை வீட்டுக்கு வரைபடம் தயாராகிறது. அதை நானும் அவரும் சேர்ந்து இந்த மாதம் பதிவேற்றப் போகிறோம்.